முட்டி ஆபரேஷனுக்கு நெர்வ் பிளாக்: நோயாளிக்கும் துணைக்கு இருப்பவருக்கும் முழுமையான வழிகாட்டி

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் வார்டில் பெரும்பாலானவர்கள் தெம்பாகப் பேசுவார்கள். "வலியே தெரியல, இதுக்குப் போய் ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டேனே" என்பார்கள். அதே ஆள் மறுநாள் விடியற்காலை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு இருப்பார். இடையில் நடந்தது ஒன்றுதான்: வலி தெரியாமல் இருக்க நரம்பைச் சுற்றிப் போட்ட மரப்பு ஊசி, அதாவது நெர்வ் பிளாக், விட்டுப்போய்விட்டது. அப்போது வேலை செய்திருக்க வேண்டிய மாத்திரை உள்ளே போகவில்லை.

நான் எலும்பு வார்டில் பிசியோ. காலையில் வாக்கரோடு முதலில் போய் நிற்பவன் என்பதால் அந்த அழுகையை அதிகம் பார்க்கிறவனும் நான்தான். அதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மயக்க மருந்து டாக்டரும் சர்ஜனும் முடிவு செய்வது. எதை எந்த வரிசையில் செய்வது, எதை முன்கூட்டியே கேட்டு வைப்பது, எங்கே எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

## 1. உங்களுக்குப் போடப்போவது எந்த பிளாக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதுகில் போடும் ஊசி வேறு, நெர்வ் பிளாக் வேறு. முதுகு ஊசி ஆபரேஷன் செய்வதற்காகப் போடுவது. இடுப்புக்குக் கீழே மொத்தமும் மரத்துவிடும், சில மணி நேரத்தில் விட்டுவிடும். பிளாக் என்பது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலிக்காக, காலுக்குப் போகும் குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்துவது. பெரும்பாலான முட்டி மாற்று ஆபரேஷன்களில் இரண்டும் இருக்கும்.

முட்டியின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று மட்டும் இல்லை. முன்பக்கமும் உட்பக்கமும் பெரும்பாலும் தொடை நரம்பின் கிளைகள்; பின்பக்கம் சயாட்டிக் நரம்பின் கிளைகள். அதனால் ஒரே ஒரு ஊசியில் முட்டி முழுவதும் வலி அடங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. "பிளாக் போட்டும் பின்னாடி வலிக்குது, ஊசி வேலை செய்யல" என்ற புகார் அடிக்கடி வரும். ஊசி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பின்பக்கம் அதன் எல்லைக்கு வெளியே இருக்கும்.

நீங்கள் கேள்விப்படக்கூடிய பெயர்கள் இவை.

அடக்டர் கெனால் பிளாக். தொடையின் நடுப்பகுதியில், உட்பக்கமாகப் போடுவது. இப்போது முட்டி மாற்றுக்கு அதிகம் போடப்படுவது இதுதான். முட்டியின் முன்பக்க, உட்பக்க வலியை அடக்கும். தொடைத் தசையின் பலத்தைப் பெருமளவு விட்டுவைக்கும். அதனால் சீக்கிரம் எழுந்து நிற்கலாம்.

ஃபெமரல் பிளாக். இன்னும் மேலே, தொடை மடிப்பில் போடுவது. வலி நன்றாக அடங்கும். ஆனால் முட்டியை நீட்டிப் பிடிக்கும் முன்தொடைத் தசையும் சேர்ந்து செயலிழக்கும். நிற்கும்போது முட்டி திடீரென்று மடங்கி விழ வாய்ப்பு உண்டு. இந்த பிளாக் போட்டவர்களிடம் நான் இரண்டு மடங்கு கவனமாக இருப்பேன்.

ஐபேக். முட்டியின் பின்பக்க வலிக்காக, முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்க்கும் மூட்டு உறைக்கும் நடுவே மருந்து செலுத்துவது. அடக்டர் கெனால் பிளாக்கோடு சேர்த்துப் போடுவார்கள்.

சர்ஜன் போடும் ஊசி. ஆபரேஷனை முடிப்பதற்கு முன் சர்ஜனே முட்டியைச் சுற்றியுள்ள திசுக்களில் கலவை மருந்தைச் செலுத்துவார். வார்டில் இதை "காக்டெய்ல்" என்பார்கள். இது நெர்வ் பிளாக் இல்லை, ஆனால் அதற்குத் துணை.

முட்டி எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட்டுக்கு ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கும் இதே பிளாக்குகள்தான். அங்கே ஒரு விஷயம் கூடுதல்: புது லிகமென்ட்டுக்காகப் பின்தொடைத் தசைநாரை எடுத்திருந்தால், எடுத்த இடத்தின் வலியை அடக்டர் கெனால் பிளாக் முழுதாகத் தொடாது. தொடையின் பின்னால் இழுத்துப் பிடிப்பது போல வலித்தால் பயப்பட வேண்டாம், சொல்லிவிடுங்கள்.

## 2. மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு மயக்க மருந்து டாக்டர் பார்ப்பார். அந்தச் சந்திப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே போய் "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, பேர் ஞாபகம் இல்ல" என்றால் நேரம் வீண். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போட்டோவைவிட அட்டை மேல்.

முதலில் சொல்ல வேண்டியது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகள்: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்றவை. முதுகு ஊசி போடும்போது உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து இருப்பதால், இவற்றில் சிலவற்றைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது, எத்தனை நாள் முன்பு என்பது மருந்துக்கு மருந்து மாறும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து நாள் சொன்னார்கள் என்பதற்காக நீங்களும் ஐந்து நாள் நிறுத்துவது ஆபத்து.

அடுத்தது சர்க்கரை மாத்திரைகள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். கூட்டு மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும், அதனால்தான் அட்டை வேண்டும் என்கிறேன்.

பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்களுக்கும் பிளாக் போடலாம், ஆனால் மரப்பு வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருக்கக்கூடும். முன்பே எழுதி வைக்காவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு தெரியும் மதமதப்பு பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

"பல் பிடுங்கும்போது மரப்பு ஊசி ஒத்துக்கல, படபடன்னு வந்துச்சு" என்று பலர் சொல்வார்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் சேர்ந்திருக்கும், படபடப்பு அதனால் வந்திருக்கலாம். அலர்ஜியா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தடிப்பு வந்ததா, மூச்சு முட்டியதா, வெறும் படபடப்பா என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

நாட்டு மருந்து, லேகியம், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் அதிகம். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதைத் தெரியாமல் ஆபரேஷன் செய்வதுதான் பெரிய ஆபத்து.

## 3. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள்

இந்தக் கேள்விகளை ஆபரேஷன் அன்று கேட்க முடியாது; நீங்கள் ஸ்ட்ரெச்சரில் இருப்பீர்கள், கூட வந்தவர் பில் கவுன்டரில் இருப்பார்.

எந்த பிளாக்? ஒரே ஊசியா, குழாய் வைத்து மருந்து தொடர்ந்து போவதா? எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? விட்ட பிறகு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு ஒருமுறை? அதையும் மீறி வலித்தால் ராத்திரி யார் வந்து பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கூடுதல் வலி மருந்துக்கான ஆர்டர் முன்பே கேஸ் ஷீட்டில் எழுதி இருந்தால் நைட் டியூட்டி சிஸ்டர் உடனே கொடுத்துவிடலாம். எழுதாவிட்டால் டியூட்டி டாக்டரைத் தேடிப் பிடித்து, அவர் வந்து எழுதி, மருந்து வரும்வரை நோயாளி துடிக்க வேண்டும்.

குழாய் வைப்பதாக இருந்தால் அதற்கும் பம்புக்கும் தனிச் செலவா, பேக்கேஜில் சேர்ந்ததா, இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்றும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று சண்டை போடுவதைவிட இது நல்லது.

## 4. முந்தின நாள் ராத்திரியும் ஆபரேஷன் காலையும்

பொதுவான விதி: திட உணவு ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்போடு நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரியில் வேறு நேரம் சொன்னால் அதைக் கடைப்பிடியுங்கள்.

இங்கே தவறு எப்போதும் காபியில்தான். "சாப்பிடல டாக்டர், அரை டம்ளர் காபி மட்டும்." பால் சேர்ந்த எதுவும் வயிற்றில் திட உணவு மாதிரிதான் தங்கும், 6 மணி நேரக் கணக்கில் வரும். அந்த அரை டம்ளரால் ஆபரேஷன் மத்தியானத்துக்கோ மறுநாளுக்கோ போயிருக்கிறது. மறைத்தால் அதைவிட மோசம்: மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

காலையில் பிபி மாத்திரை போடலாமா, இன்சுலின் எவ்வளவு என்பதை முந்தின நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடையை வீட்டிலேயே பிளேடு வைத்து மழிக்காதீர்கள். சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வழி. ஊசி போடும் இடத்தில் புண்ணோ கொப்புளமோ இருந்தால் அங்கே பிளாக் போட மாட்டார்கள்.

எந்தக் கால் என்று டாக்டர் மார்க்கர் பேனாவால் குறி போடுவார். அது குளியலில் அழிந்துவிட்டால் தயங்காமல் மறுபடி போடச் சொல்லுங்கள். கால் மாறி பிளாக் போடப்படுவது உலகம் முழுக்க அறியப்பட்ட தவறு. பிரிட்டனில் இதற்காகவே, ஊசி உள்ளே போகும் முன் ஒரு நொடி நின்று எந்தப் பக்கம் என்று சரிபார்க்கும் வழக்கத்தை வலியுறுத்துகிறார்கள். நீங்களும் விழித்திருந்தால் "வலது கால்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

## 5. தியேட்டரில் என்ன நடக்கும்

கையில் ட்ரிப்ஸ் ஊசி, நெஞ்சில் இசிஜி ஒட்டிகள், விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப், கையில் பிபி பட்டை. இவையெல்லாம் மாட்டிய பிறகுதான் பிளாக். தொடையைக் கிருமிநாசினியால் துடைப்பார்கள், சில்லென்று இருக்கும். அப்புறம் ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்து, திரையில் ரத்தக் குழாயையும் நரம்பு இருக்கும் இடத்தையும் பார்த்தபடி ஊசியை நகர்த்துவார்கள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துச் செலுத்துவார்கள். மொத்தம் சில நிமிட வேலை. முழுதாக மரக்க 15 முதல் 30 நிமிடம் ஆகலாம்.

விழித்திருக்கும்போது போட்டால் உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஊசி நகரும்போது காலில் மின்சாரம் பாய்வது போல சுளீரென்று இழுத்தால் அசையாமல் இருந்து வாயால் சொல்லுங்கள். ஊசி நரம்பைத் தொடுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மருந்து போகும்போது நாக்கோ உதடோ மரத்துப் போவது, வாயில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், திடீர்ப் படபடப்பு வந்தாலும் உடனே சொல்லுங்கள். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் கலந்தால் முதலில் தெரியும் அறிகுறிகள் இவை. அபூர்வமாக நடப்பதுதான், இதற்கான சிகிச்சையும் உண்டு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. தைரியசாலி என்று காட்ட இது இடம் இல்லை.

நிறைய இடங்களில் ஆபரேஷன் முடிந்ததும், முதுகு ஊசியின் மரப்பு இருக்கும்போதே பிளாக் போட்டுவிடுவார்கள். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் அடுத்த படி.

## 6. பிளாக் போட்ட மணியை எழுதி வையுங்கள்

வார்டுக்கு வந்ததும் துணைக்கு இருப்பவர் சிஸ்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பிளாக் எத்தனை மணிக்குப் போட்டாங்க?" கேஸ் ஷீட்டில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்த மணியிலிருந்துதான்.

முதுகு ஊசியின் மரப்பு சுமார் 2 முதல் 4 மணி நேரத்தில் தளரும். ஒரே ஊசியாகப் போட்ட பிளாக் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். மருந்தையும் அளவையும் பொறுத்து சிலருக்கு 8 மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும். மரப்பு மருந்துகளில் புபிவகெய்ன் கொஞ்சம் நீளம், ரோபிவகெய்ன் கொஞ்சம் குட்டை. கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் சில மணி நேரம் கூடும்.

மத்தியானம் 12 மணிக்குப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகு ஊசி சாயங்காலம் விட்டுவிடும், விரல்கள் அசையும், வலி இருக்காது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். பிளாக் விடுவது ராத்திரி 12-க்கும் மறுநாள் மத்தியானத்துக்கும் நடுவில். டாக்டர்கள் குறைவாக இருக்கும், ஆஸ்பத்திரி கேன்டீன் மூடியிருக்கும், துணைக்கு வந்தவர் தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது.

## 7. மரத்த காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது

மரத்த இடத்தில் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தால் துணி சுற்றி, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். நேரடியாக வைத்த ஐஸும் தோலைப் புண்ணாக்கும்.

முட்டிக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். பாசத்தோடு செய்யும் தவறு இது. அந்த நேரம் சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகி, பிறகு நேராக நீட்ட முடியாமல் போகும். அந்த இறுக்கத்தை எடுக்க நான் கொடுக்கும் பயிற்சிதான் ஆபரேஷனைவிட வலிக்கும். கணுக்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வையுங்கள். குதிகால் மெத்தையில் அழுந்தாது, முட்டியும் நேராக இருக்கும்.

முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முனை தடவினால் தெரியும். அதை ஒட்டி, பாதத்தை மேலே தூக்கும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அந்த இடம் கட்டில் கம்பியிலோ இறுக்கமான பேண்டேஜிலோ மணிக்கணக்கில் அழுந்தினால் பாதம் தொங்கிப் போகலாம். மரத்திருப்பதால் நோயாளி சொல்ல மாட்டார். துணைக்கு இருப்பவர்தான் பார்க்க வேண்டும். விரல்கள் வானத்தைப் பார்த்தபடி கால் இருக்கட்டும்.

முதுகு ஊசி விட்டதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை. ரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். பாதம் அசைகிறதா என்றும் தெரிந்துவிடும்.

## 8. மரப்பு விடுவதற்கு முன் மாத்திரை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிளாக் வலியைக் குறைப்பதில்லை, மூளைக்குப் போகாமல் தடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். வெட்டிய எலும்பும் தைத்த திசுவும் அடியில் வீங்கிக்கொண்டுதான் இருக்கும். தடுப்பு விலகும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் தெரியும். வாய் வழியாகப் போடும் மாத்திரை வேலை செய்யவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வலி உச்சத்துக்குப் போன பிறகு போட்டால் அதைப் பிடிக்கவே முடியாது.

ஆகவே, டாக்டர் எழுதிய மாத்திரைகளை வலி இல்லாதபோதே மணி தவறாமல் போட வேண்டும். பாராசிட்டமால் பொதுவாக 6 மணிக்கு ஒருமுறை. சிறுநீரகமும் வயிறும் இதயமும் சரியாக இருந்தால் அதோடு வீக்கம் குறைக்கும் மாத்திரை ஒன்று. தேவைப்பட்டால் கூடுதலாக ட்ரமடால் போன்ற வலுவான வலி மருந்து. ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால், சேர்த்துக் கொடுக்கும்போது எதுவும் அளவுக்கு மேல் தேவைப்படாது.

நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு இது. ராத்திரி 12 மணிக்கு சிஸ்டர் மாத்திரையோடு வருவார். மகள் வாயில் விரல் வைத்து, "அம்மா இப்பதான் தூங்குறாங்க சிஸ்டர், எழுப்பாதீங்க, வலின்னு சொன்னா குடுத்துக்கலாம்" என்பார். மூன்று மணிக்கு அம்மா அலறி எழுவார். எழுப்பிக் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிடுவார்கள்.

இரண்டாவது தவறு, நோயாளியே வேண்டாம் என்பது. "மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் அந்தப் பயம் நியாயம்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து டாக்டர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுத்தது வேறு.

மூன்றாவது அதற்கு நேர் எதிர்: எழுதிக் கொடுத்ததோடு பையில் இருந்த டோலோ 650-ஐயும் (அதுவும் பாராசிட்டமால்தான்) சேர்த்துப் போட்டுக்கொள்வது. ட்ரமடால் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக் கூடாது. எடை குறைவான முதியவர்களுக்கும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

சிலருக்குத் தோளில் வலி மருந்து பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அது வேலை செய்யத் தொடங்கவே பல மணி நேரம் ஆகும். அதனால் பிளாஸ்திரி இருக்கிறதே என்று முதல் ராத்திரி மாத்திரையை விடக் கூடாது. அதன் மேல் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

மரப்பு விடப் போகிறது என்பதை உடம்பே சொல்லும். எறும்பு ஊர்வது போல, லேசாகக் குத்துவது போல, முட்டி கனப்பது போல இருக்கும். அதுதான் சிஸ்டரைக் கூப்பிட வேண்டிய நேரம். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள்.

வலியைச் சொல்லும் விதமும் முக்கியம். நம் அம்மாக்கள் எதைக் கேட்டாலும் "பரவாயில்லப்பா" என்பார்கள், சிஸ்டர் அதை அப்படியே எழுதிவிட்டுப் போவார். பூஜ்யம் முதல் 10 வரை எண்ணாகச் சொல்லப் பழக்குங்கள். படுத்திருக்கும்போது எவ்வளவு, முட்டியை மடக்கினால் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்றும்: முன்னாலா, பின்னாலா, ஆபரேஷனின்போது ரத்தம் வராமல் இருக்க இறுக்கிப் பெல்ட் கட்டிய தொடையிலா? அதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும்.

## 9. முதல் முறை எழுந்து நிற்பது

பிளாக் இருக்கும்போது எழுந்து நிற்பது நல்லதுதான். தனியாக எழுவதுதான் தவறு. வலி இல்லாததால் கால் பலமாக இருப்பதாகத் தோன்றும்; மரத்த கால் தரையில் சரியாகப் பதிந்ததா என்றுகூடத் தெரியாது. அடக்டர் கெனால் பிளாக்கிலும் மருந்து மேலே பரவித் தொடைத் தசையைத் தளர்த்தலாம். "பாத்ரூம் பக்கத்துலதானே" என்று எழுந்தவர்கள்தான் விழுகிறார்கள், பெரும்பாலும் விடியற்காலையில்.

நிற்க வைப்பதற்கு முன் படுக்கையிலேயே சோதிப்போம். முட்டியை மெத்தையில் அழுத்தி, காலை நேராகத் தூக்கிச் சில நொடி பிடிக்க முடிகிறதா? முடிந்தால் வாக்கரோடு நிற்கலாம். முடியாவிட்டால் நீளமான முட்டி பிரேஸ் கட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஒரு முறை தேறியதால் அடுத்த முறையும் தேறும் என்று இல்லை, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். தலை சுற்றினால் திரும்பப் படுங்கள். ஈரத் தரை, தளர்ந்த ஹவாய் செருப்பு, காலில் சிக்கும் நைட்டி அல்லது வேட்டி, இவை மூன்றும் எதிரிகள்.

பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு வலி மாத்திரை உள்ளே போயிருந்தால் நல்லது. பிசியோ எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு வையுங்கள். மாத்திரையும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தால், நீங்கள் பயிற்சி வேண்டாம் என்பீர்கள், முட்டி இறுகும்.

## 10. குழாய் வைத்திருந்தால்

மெல்லிய குழாயைத் தொடையில் ஒட்டி, அதன் வழியாக மருந்து தொடர்ந்து போகும்படி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். பலூன் போன்ற பம்பாகவோ மின்சாரப் பம்பாகவோ இருக்கும். எழும்போது பம்பைக் கையில் எடுத்த பிறகே காலை நகர்த்துங்கள். குழாய் உருவிக்கொண்டு வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஒட்டிய இடத்தில் கொஞ்சம் தெளிவான நீர் கசிவது சகஜம். வலி கூடினாலோ, அந்த இடம் சிவந்து சீழ் போலத் தெரிந்தாலோ சொல்லுங்கள். நீங்களாக இழுத்து எடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுவார்கள், அந்த நேரத்தைப் பார்த்துத்தான் குழாயை எடுக்க வேண்டியிருக்கலாம்.

## 11. காத்திருக்கக் கூடாதவை

கீழே சொல்பவற்றுக்கு நள்ளிரவாக இருந்தாலும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

முதுகு ஊசி விட்ட பிறகும் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. ஐபேக் மருந்து பரவியதால் தற்காலிகமாகவும் இருக்கலாம், கட்டு இறுகியதாகவும் இருக்கலாம், நரம்பு அழுந்தியதாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சில நேரம் கட்டைத் தளர்த்தினாலே சரியாகிவிடும்.

பிளாக் இருந்தும், மருந்து கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி. கெண்டைக்கால் கல் போல இறுகுவது. கால் விரலைப் பிறர் அசைத்தாலே உயிர் போவது. பாதம் சில்லிட்டு வெளுப்பது. "பிளாக் விட்டிருக்கும்" என்று யாராவது சொன்னாலும் டாக்டர் வந்து பார்க்கும்வரை விடாதீர்கள்.

மூச்சு முட்டல், நெஞ்சு வலி, எழுப்பினால் எழாத தூக்கம். கடைசியாகச் சொன்னது வலி மருந்து அதிகமானதாக இருக்கலாம்.

முதுகு ஊசி விட்டு நன்றாக அசைந்த இரண்டு கால்களும் மறுபடி பலமிழப்பது, சிறுநீர் போவது தெரியாமல் இருப்பது. அபூர்வம், ஆனால் அவசரம்.

## 12. வீட்டுக்குப் போன பிறகும் மதமதப்பு இருந்தால்

பிளாக் முழுதாக விட்ட பிறகு சில நாள் அல்லது சில வாரம் தொடையின் உட்பக்கமோ காலின் உட்பக்கமோ ஒரு திட்டு மதமதப்பாக இருக்கலாம். பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் தானாகப் போய்விடும். நிரந்தரமாக நரம்பு பாதிப்பது மிக அரிது: பிரிட்டனில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் 2000 முதல் 5000 பேரில் ஒருவருக்கு என்று சொல்கிறார்கள். மதமதப்பு பரவினாலோ, பலம் குறைந்தாலோ, எரிச்சலாக மாறினாலோ ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

தையலுக்கு வெளிப்பக்கம், முட்டிச் சில்லுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு உணர்ச்சி இல்லாமல் இருந்தால் அது வேறு கதை. தோலைத் திறக்கும்போது அந்த வழியே குறுக்காக ஓடும் ஒரு சிறு தோல் நரம்பு அறுபடுவது கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது. பிளாக் ஊசியால் வந்தது என்று பலர் கோபமாக வருவார்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாதங்கள் போகப் போகத் திட்டு சுருங்கும்; சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும். நடப்பதற்கு அதனால் எந்தத் தடையும் கிடையாது. அந்த இடத்தில் சூட்டு ஒத்தடம், காரத் தைலம் மட்டும் வேண்டாம்.